பேசாத அட்டையும் பேசித் தோற்ற அட்டையும்: ‘ரோலிங் ஸ்டோன்’ முகப்புகள் இரண்டைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ இசை இதழ் 1981 ஜனவரி 22 தேதியிட்டு, பீட்டில்ஸ் குழுவின் பாடகர் ஜான் லெனனும் அவர் மனைவி யோகோ ஓனோவும் இருக்கும் படத்தோடு வெளியிட்ட அட்டையில், இதழின் பெயரும் தேதி, விலை போன்ற வழக்கமான விவரங்களும் தவிர, ஒரு சொல்கூடக் கிடையாது. அதே இதழ் 2013 ஆகஸ்ட் 1 தேதியிட்டு, பாஸ்டன் மாரத்தானில் குண்டு வைத்த இளைஞனின் படத்தோடு வெளியிட்ட அட்டையிலோ, படத்தில் இருப்பவன் யார், அவனை எந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும் என்பதை ஒரு முழு வாக்கியமே விளக்கிக்கொண்டிருந்தது. சொல்லே இல்லாத அட்டை தவறாகப் படிக்கப்படவில்லை. சொல் மிகுந்த அட்டையை, அந்தச் சொற்கள் கூறியதற்கு நேர்மாறாகப் படித்துக் கொதித்தெழுந்தவர்கள் ஏராளம். ஒரே இதழ், ஒரே பெயரெழுத்து (இதழின் பெயரை எழுதும் தனி எழுத்து வடிவம்), பக்கம் முழுவதும் ஒரே நிழற்படம் என்ற ஒரே அமைப்புமுறை. இருந்தும் விளைவு ஏன் இப்படித் தலைகீழானது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

இசை இதழின் அட்டையைப் பற்றி எழுதுபவர்கள் பொதுவாக நிறம், எழுத்துரு, உடை, கலைஞர் நிற்கும் விதம் என்று தனித்தனியாகப் பிரித்துப் பொருள் சொல்வது வழக்கம். அந்தப் பிரிப்பு தொடக்கநிலை மாணவருக்கு உதவும். ஆனால் படத்துக்கும் சொல்லுக்கும் இதழின் பெயருக்கும் இடையே நடக்கும் இழுபறி அந்த முறையில் கண்ணில் படாது. நான் இங்கே பார்க்க விரும்புவது அந்த இழுபறியை மட்டுமே.

பெயரெழுத்து

‘ரோலிங் ஸ்டோன்’ 1967இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் யான் வென்னர், ரால்ஃப் கிளீசன் ஆகிய இருவரால் தொடங்கப்பட்டது. 1967 நவம்பர் 9 தேதியிட்ட முதல் இதழ் மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சானது. அதன் முகப்பில், நடித்த திரைப்படம் ஒன்றின் காட்சியில், இராணுவ உடையும் இரும்புத் தொப்பியும் வட்டக் கண்ணாடியுமாக ஜான் லெனன் இருந்தார். ஆனால் அந்த முகப்பை அட்டை என்று சொல்வதைவிடச் செய்தித்தாளின் முதல் பக்கம் என்று சொல்வதே பொருந்தும். மாண்டெரே இசை விழாவில் வசூலான பணம் எங்கே போனது என்று கேட்கும் தலைப்புச் செய்தியும் அதிலேயே இருந்தது.

அந்தப் பக்கத்தில் செய்தித்தாளுக்குப் பொருந்தாத ஒன்று, மேலே இருந்த பெயரெழுத்து. அதை வரைந்தவர் ரிக் கிரிஃபின். சான் ஃபிரான்சிஸ்கோவின் ராக் கச்சேரிகளுக்குச் சுவரொட்டி வரைந்து புகழ்பெற்றவர். அவர் முழுமையாக முடிக்காமல் வைத்திருந்த வரைவையே இதழ் எடுத்துக்கொண்டது. வளைந்து நெளியும் அந்தக் கையெழுத்து வடிவம் பின்னாளில் பலமுறை சீர் செய்யப்பட்டாலும், கச்சேரிச் சுவரொட்டியின் சாயல் அதைவிட்டுப் போகவில்லை. கச்சேரிச் சுவரொட்டியில் பெரிய எழுத்தின் கீழே ஒருவரின் முகம் இருந்தால், அவர் மேடையேறப் போகிறவர், கூட்டம் அவரைக் காணவே வருகிறது என்று பொருள். இந்தப் பொருளைத் தன் பெயரெழுத்தோடு சேர்த்தே இதழ் சுவீகரித்துக்கொண்டது என்பது என் கணிப்பு. ஆண்டுக்கணக்கில் பாடகர்களும் நடிகர்களும் அந்த எழுத்தின் கீழே தோன்றத் தோன்ற, இந்தப் பொருள் எழுத்திலேயே உறைந்துபோயிற்று.

மற்ற இதழ்களிலும் பெயரெழுத்து இப்படித்தான் வேலை செய்கிறது. 1981இல் பிரிட்டனில் தொடங்கிய ‘கெராங்!’ என்ற வன்ராக் இதழின் பெயர், மின்கித்தாரை ஓங்கி மீட்டும்போது எழும் ஓசையைக் குறிக்கும் ஒலிக்குறிப்புச் சொல். அதன் எழுத்துகள் கண்ணாடி உடைந்ததுபோல விரிசல் விட்டிருக்கும். ஓசை, சொல், வடிவம் மூன்றும் ஒரே பொருளைச் சொல்கின்றன. 1986இல் வந்த ‘க்யூ’ இதழோ சிவப்புக் கட்டத்துக்குள் வெள்ளை நிறத்தில் ஒற்றை எழுத்து. எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும், தன்னளவில் எதையும் சொல்லாது. எனவே அதன் பொருள் முழுவதையும் வாசகரின் பழக்கம்தான் நிரப்பியது. ‘ரோலிங் ஸ்டோன்’ இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதன் எழுத்து ஒரு வகையான மரியாதையைச் சொல்லாமல் சொல்கிறது. கீழே யாரை வைத்தாலும் இவர் நீங்கள் வியக்கத் தக்கவர் என்ற வாக்கியம் தானாகவே உருவாகிவிடுகிறது.

1981: வாசகம் நீக்கப்பட்ட அட்டை

1980 டிசம்பர் 8 அன்று, நியூயார்க்கின் டகோட்டா கட்டடத்தில் இருந்த லெனன் – யோகோ ஓனோ இல்லத்தில், நிழற்படக் கலைஞர் ஆனி லீபோவிட்ஸ் இந்த அட்டையின் படத்தை எடுத்தார். அட்டைக்கு லெனன் மட்டும் போதும் என்பது இதழின் விருப்பமாக இருந்தது. ஓனோவும் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர் லெனன். அன்றிரவே, அதே கட்டடத்தின் நுழைவாயிலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

படத்தை நிதானமாகப் பார்ப்போம். ஓனோ கறுப்பு மேலாடையும் ஜீன்ஸும் அணிந்து மல்லாந்து கிடக்கிறார். கூந்தல் தலைக்கு மேலே விரிந்து பரவியிருக்கிறது. லெனன் உடை ஏதுமின்றி, முழங்காலை மடக்கி, கருவில் கிடக்கும் குழந்தையின் வடிவில் அவரைப் பற்றிக்கொண்டு கன்னத்தில் முத்தமிடுகிறார். அவருடைய கண்கள் மூடியிருக்கின்றன. ஓனோவின் கண்கள் திறந்திருந்தாலும் நம்மைப் பார்க்கவில்லை. பார்வை பக்கவாட்டில் எங்கோ போகிறது. கேமரா மேலிருந்து குனிந்து பார்க்கிறது.

இசை இதழ் அட்டையின் எழுதப்படாத முதல் விதி, படத்தில் இருப்பவர் வாங்குபவரின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பது. கடை அடுக்கில் பத்து முகங்கள் இருக்கும்போது, நம்மைப் பார்க்கும் முகத்தையே நம் கண்ணும் தேடும். அந்தப் பார்வை ஒரு வேண்டுதல். என்னை எடு, என்னைப் படி என்று கேட்கிறது. 1981 அட்டையில் யாரும் எதையும் கேட்கவில்லை. இருவர் தமக்குள் இருக்கிறார்கள். நாம் அழைக்கப்படாமல் எட்டிப் பார்ப்பவராகிறோம். எடுத்த நாளின் படமாகவே அது நின்றிருந்தால், காதலின் நெருக்கத்தைக் காட்டும் துணிச்சலான படம் என்ற அளவில் பேசப்பட்டிருக்கும். ஜனவரியில் அதைக் கையில் எடுத்த வாசகருக்கோ, படத்தின் ஒவ்வொரு உறுப்பும் இரண்டாவது பொருள் ஒன்றையும் ஏற்றிருந்தது. சுருண்ட வெற்றுடல் குழந்தையின் உடலாகவும் உயிரற்ற உடலாகவும் தெரிந்தது. மூடிய கண்கள் முத்தத்துக்காக மூடியவை. அவை இனித் திறக்காதவையும்கூட. ஓனோவின் கறுப்பு ஆடை அன்றைய தினம் அவர் தற்செயலாக உடுத்தியிருந்தது. மேற்கத்திய வாசகரின் கண்ணுக்கு அது ஜனவரியில் துக்க உடையாகிவிட்டது. விலகிய அவரது பார்வை, வரப்போவதை முன்பே கண்டதுபோல் தோன்றியது. எடுத்த நேரத்துக்கும் பார்க்கும் நேரத்துக்கும் இடையே விழுந்த ஒரு மரணம், படத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் அதன் பொருள் முழுவதையும் மாற்றிவிட்டது.

இங்கே வாசகம் எழுதுவதற்கு ஆசிரியர் குழுவுக்கு எத்தனையோ வாய்ப்புகள் இருந்தன. பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, ‘அஞ்சலி’, ‘கடைசிப் பேட்டி’ என்று எதுவும் பொருந்தியிருக்கும். எதைப் போட்டிருந்தாலும் இந்த இரட்டைப் பொருளில் ஒன்று உதிர்ந்திருக்கும். ‘அஞ்சலி’ என்று போட்டிருந்தால் காதல் போயிருக்கும்; ‘கடைசிப் படம்’ என்று போட்டிருந்தால் வாசகர் தானாக உணர வேண்டியதைச் செய்தியாகச் சொல்லிக் கெடுத்ததாகியிருக்கும். சொல்லை நீக்கியது இங்கே அடக்கம் மட்டுமில்லை, மிகத் துல்லியமான மொழித் தேர்வும் ஆகும். எல்லா இதழிலும் வாசகம் நிறைந்திருக்கும் இடம் வெறுமையாக இருந்தால், அந்த வெறுமையே பேசத் தொடங்கும். மௌன அஞ்சலியில் கூட்டம் எழுந்து நிற்பதுபோல, அட்டையின் மற்ற உறுப்புகள் வாய்மூடி நின்றன.

2005இல் அமெரிக்க இதழாசிரியர்கள் கழகம், முந்தைய நாற்பது ஆண்டுகளின் அட்டைகளில் முதலிடத்தை இதற்கே அளித்தது. அந்தப் பெருமையில் பாதியாவது, எழுதாமல் விட்டவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

இடையில் ஒரு முகம்

அதே 1981இன் செப்டம்பர் 17 அட்டையையும் சேர்த்துப் பார்த்தால்தான் 2013 புரியும். பத்தாண்டுகளுக்கு முன்பே இறந்துபோன, ‘தி டோர்ஸ்’ ராக் குழுவின் பாடகர் ஜிம் மாரிசனின் படத்தோடு, ‘ஹீஸ் ஹாட், ஹீஸ் செக்ஸி அண்ட் ஹீஸ் டெட்’ (அவர் கவர்பவர், காமம் தூண்டுபவர், இறந்தவர்) என்ற வாசகம் அதில் இருந்தது. மூன்று சிறு தொடர்கள், மூன்றுக்கும் ஒரே எழுவாய், மூன்றும் நிகழ்காலம். முதல் இரண்டும் கவர்ச்சியைச் சொல்ல, மூன்றாவது அதே மூச்சில், அதே இலக்கண அச்சில், மரணத்தை அவருடைய இன்னொரு கவர்ச்சியாக வைக்கிறது. எழுத்தில் இது கெட்டிக்காரத்தனம். ஆனால் சுருள் முடியும் ஊடுருவும் பார்வையும் கொண்ட ஓர் இளைஞனின் முகத்தை, அழிவும் அழகும் சேர்ந்த ஒன்றாகப் பார்க்க வாசகரின் கண்ணை அது பழக்கியது. அந்தப் பழக்கம் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் இதழின் மேலேயே திரும்பி விழுந்தது.

2013: வாசகம் தாங்காத அட்டை

2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தின் முடிவுக் கோட்டருகே இரண்டு குண்டுகள் வெடித்தன. மூன்று பேர் இறந்தார்கள். 260க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், பலர் கால்களை இழந்தார்கள். குண்டு வைத்த சகோதரர்களில் மூத்தவர் கொல்லப்பட்டார். இளையவனான ஜோகர் சர்னாயேவ், 19 வயது, ஏப்ரல் 19 அன்று பிடிபட்டான். அவன் எப்படி இந்த நிலைக்கு வந்தான் என்பதைப் பலரிடம் பேசி விசாரித்து எழுதிய நீண்ட கட்டுரையே ஆகஸ்ட் 1 இதழின் அட்டைப்படக் கட்டுரை.

அட்டையில் இடம்பெற்றது அவன் தன்னைத் தானே எடுத்துச் சமூக ஊடகத்தில் போட்டிருந்த படம். கலைந்த சுருள் முடி, அரும்பிய தாடி, டி–ஷர்ட், நேராக நம்மைப் பார்க்கும் கண்கள், சற்று மங்கலான இளஞ்சூட்டு ஒளி. கீழே பெரிய எழுத்தில் ‘தி பாம்பர்’ என்ற தலைப்பு. அதன் அடியில் சிறிய எழுத்தில், பலராலும் விரும்பப்பட்ட, நம்பிக்கையூட்டிய ஒரு மாணவன் எப்படிக் குடும்பத்தால் கைவிடப்பட்டு, தீவிர இஸ்லாமியவாதத்தில் விழுந்து, ஓர் அரக்கனாக ஆனான் என்ற வாக்கியம். இசைக்கலைஞர்களின் பெயர்களும் அதே அட்டையில் இருந்தன.

சொற்களின் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டால் ஐயத்துக்கே இடமில்லை. ‘அரக்கன்’ என்பதைவிடக் கடுமையான சொல்லை ஓர் அட்டையில் போட முடியாது. ஆனால் வாக்கியத்தின் வினைகளை வரிசையாகப் பாருங்கள்: கைவிடப்பட்டான், விழுந்தான், ஆனான். முதலாவது செயப்பாட்டுவினை, செய்தது குடும்பம், பட்டது அவன். இரண்டாவது, தன் விருப்பமின்றி யாருக்கும் நேரக்கூடிய ஒன்று. மூன்றாவது ஒரு நிலைமாற்றம், விதைக்கு மரமாவது நேர்வதுபோல. அவன் முனைந்து செய்ததாக ஒரு வினைகூட அந்த வாக்கியத்தில் இல்லை. அவன் செய்த ஒரே செயல் ‘பாம்பர்’ என்ற பெயர்ச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. அதுவும் வழக்கு விசாரணை தொடங்கும் முன்னரே சூட்டப்பட்ட பெயர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் விகுதி ‘சிங்கர்’, ‘டிரம்மர்’ என்பவற்றின் விகுதியேதான். இசை இதழில் கலைஞரின் தொழிலைச் சொல்லும் இடத்தில், அதே ஒலியமைப்போடு, இந்தச் சொல்லும் போய் உட்கார்ந்துகொண்டது. தமிழில் ‘குண்டு வைத்தவன்’ என்று எழுதினால் செயலும் காலமும் சேர்ந்தே வரும். ஆங்கிலச் சொல்லில் அவை இல்லை.

மேற்கண்ட வாக்கியத்தைத் தமிழாக்கும்போது இன்னொன்றையும் கவனித்தேன். மாணவன் என்பதா, மாணவர் என்பதா, ஆனான் என்பதா, ஆனார் என்பதா என்ற கேள்வி முதல் சொல்லிலேயே வந்து நிற்கிறது. தமிழில் எழுதுபவர் தீர்ப்புச் சொல்லாமல் இந்த வாக்கியத்தைத் தொடங்கவே முடியாது. ஆங்கிலம் அந்தத் தீர்ப்பைக் கடைசிச் சொல்லான ‘மான்ஸ்டர்’ வரை தள்ளிப்போட இடம் கொடுத்தது. அதுவரை வாசகர் ‘விரும்பப்பட்ட’, ‘நம்பிக்கையூட்டிய’, ‘கைவிடப்பட்ட’ ஆகியவற்றின் வழியாகத்தான் நடந்து வர வேண்டும்.

கடைசிச் சொல்வரை எத்தனை பேர் வந்தார்கள் என்பது அடுத்த சிக்கல். வாக்கியம் சிறிய எழுத்தில் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் வைத்தால்தான் படிக்க முடியும். சில அடி தள்ளி நின்றால் தெரிபவை மூன்றுதான்: பெயரெழுத்து, முகம், ‘தி பாம்பர்’. போதாக்குறைக்கு, அட்டை கடைகளுக்கு வருவதற்கு முன்பே, ஜூலை நடுவில், இணையத்தில் வெளியாகிவிட்டது. கைப்பேசித் திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிய அட்டையில் ‘மான்ஸ்டர்’ என்ற சொல் ஒரு சாம்பல் கோடாகத்தான் தெரியும். முகமோ எந்த அளவிலும் முகமாகவே இருக்கும். படத்தோடு சேரும் சொற்கள், அதன் பல பொருள்களில் ஒன்றைப் பிடித்து நிறுத்தும் நங்கூரம் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் விளக்கினார். இங்கே நங்கூரம் இருந்தது. கப்பலை நிறுத்தும் எடை அதற்கு இல்லை.

எதிர்வினை உடனே வந்தது. சிவிஎஸ், வால்கிரீன்ஸ் உள்ளிட்ட பெரும் கடைத் தொடர்கள் இதழை விற்க மறுத்தன. பாஸ்டன் நகர மேயர் தாமஸ் மெனினோ, பயங்கரவாதி ஒருவனுக்குப் பிரபலத்துக்குரிய மரியாதை அளிக்கப்பட்டிருக்கிறது என்று வென்னருக்குக் கடிதம் எழுதினார். இதழியலின் மரபுக்கும், தீவிரமான விஷயங்களை எழுதிவந்த தங்கள் இதழின் நீண்ட வழக்கத்துக்கும் உட்பட்டே இதைச் செய்ததாக ஆசிரியர் குழு விளக்கமளித்தது. மாநிலக் காவல்துறையின் நிழற்படக்காரர் ஒருவர், சர்னாயேவ் பிடிபட்ட இரவில் தாம் எடுத்த படங்களை பாஸ்டனின் மாத இதழ் ஒன்றுக்குக் கொடுத்தார். அவற்றில் அதே முகம் இரத்தக் கறையோடு, நெற்றியில் துப்பாக்கிக் குறியின் சிவப்பு ஒளிப்புள்ளியோடு இருந்தது. ஒரு படத்தை வெல்லச் சொல்லால் ஆகாது, இன்னொரு படம்தான் வேண்டும் என்று அவர் கருதியதாகவே இதை நான் படிக்கிறேன்.

இந்த ஆய்வுக்கு மிக முக்கியமான சான்று வேறொன்று. சர்னாயேவின் இதே படத்தை ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் 2013 மே 5 அன்றே தன் முதல் பக்கத்தில் வெளியிட்டிருந்தது. அப்போது இப்படியொரு கொந்தளிப்பு எழவில்லை. நாளிதழின் முதல் பக்கத்தில் முகம் ஒரு செய்திக்குரியது. நான்கு புறமும் பத்திகள் அதை நெருக்கிக்கொண்டிருக்கும். கொலையாளியும் பிரதமரும் வெள்ளத்தில் சிக்கியவரும் அங்கே வந்துபோவது வழக்கம். இசை இதழில் அதே முகம் பக்கம் முழுவதையும் ஆள்கிறது. ஆக, மக்களைச் சீற்றமடையச் செய்தது நிழற்படம் என்று சொல்வது சரியான விடையாகாது. பெயரெழுத்தும் முகமும் சேர்ந்து, பல ஆண்டுப் பழக்கத்தின் வலிமையோடு, இவர் நீங்கள் வியக்கத் தக்கவர் என்று சொல்லிவிட்டன. அந்தக் குரலை மறுக்க வந்த வாக்கியம் அளவில் சிறியது, இலக்கணத்திலோ பாதி இரக்கம்.

இதழ் கொலைக் குற்றவாளிகளை அட்டையில் வைத்தது அதுவே முதல்முறையும் இல்லை. 1970 ஜூன் 25 அட்டையில் சார்லஸ் மேன்சன் இருந்தார். உள்ளிருந்த கட்டுரை தேசிய இதழ் விருதும் பெற்றது. ஆனால் 1970இல் இதழுக்கு வயது மூன்றுகூட நிரம்பவில்லை. செய்தித்தாள் காகிதத்தில்தான் வந்துகொண்டிருந்தது. அந்தப் பெயரெழுத்தின் கீழே நிற்பது ஒரு பட்டம் சூட்டலாக இன்னும் ஆகியிருக்கவில்லை. மேன்சனை முன்னுதாரணமாகக் காட்டி 2013ஐ நியாயப்படுத்தியவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறினார்கள்.

காகிதப் பட்டை

என் தீர்ப்பை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டுரையை எழுதியதும், அரக்கன் அரக்கனைப் போலத் தோன்றுவதில்லை என்ற உண்மையை அட்டையில் காட்ட நினைத்ததும் தவறில்லை. மதிக்கத்தக்க இதழியல் நோக்கம் அது. தவறு லேஅவுட்டில் நடந்தது. படத்தைச் சிறிதாக்கி, சுற்றிலும் வெள்ளை விட்டு, வாக்கியத்தை முகத்தின் அளவுக்குப் பெரிதாக்கி, இறந்த மூவரைப் பற்றி ஒரு வினையாவது சேர்த்திருந்தால், அதே படம் வேறு அட்டையாகியிருக்கும். பாடகர்களுக்கு வெட்டிவைத்த சட்டையை அளவு மாற்றாமல் அப்படியே அவனுக்கும் போட்டுவிட்டார்கள்.

இரண்டு அட்டைகளின் அச்சுப்படிகளையும் மேசையில் வைத்து, ஒரு வெள்ளைக் காகிதப் பட்டையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன். 2013 அட்டையில் கீழ்ப்பகுதிச் சொற்களை மறைத்தால், புதிய பாடல் தொகுப்பு ஒன்றை வெளியிட்டிருக்கும் இளம் பாடகன் உடனே தோன்றிவிடுகிறான். படத்தில் அதை மறுக்கும் ஒரு தடயமும் இல்லை. பட்டையை மேலே ஏற்றிப் பெயரெழுத்தை மறைத்துச் சொற்களைத் திறந்தால், பாடகன் மறைந்து செய்தியில் வரும் குற்றவாளி மட்டும் இருக்கிறான். 1981 அட்டையில் கீழே மறைக்க ஒன்றும் இல்லை. மேலே பெயரெழுத்தை மறைத்தபோது, ஓவியக் கூடத்தின் சுவரில் தொங்கும் ஒரு தம்பதியின் படமாக அது தனியே நின்றது. பட்டையை எடுத்துப் பெயரெழுத்தைத் திறந்தவுடன் தேதி கண்ணில் பட்டது: ஜனவரி 22. படம் எடுத்த நாளிலிருந்து ஆறு வாரமும் மூன்று நாளும்.